மைதிலிக்கு ஏழு வயது

விமானம் இறங்கும்போது நண்பகல் என்று பணிப்பெண் அறிவித்தாள். பொற்கொடி சன்னல் வழியாக வெளியே பார்த்தாள். தெற்கே கடல் விளிம்பில் மட்டும் ரோஜா நிறத்தில் மெல்லிய கீற்று ஒன்று தெரிந்தது. மற்றபடி வானமும் பனியும் மலையும் ஒரே நீலம். பேனா மையை ஒரு குடம் தண்ணீரில் கரைத்து ஊற்றியது போன்ற நீலம். நவம்பர் கடைசியில் இறங்கிப்போன சூரியன் இந்த ஊருக்கு இன்னும் திரும்பவில்லை. ஜனவரி முடியும்போதுதான் எட்டிப் பார்க்குமாம்.

ஸ்கார்விக், நார்வேயின் வடகோடியில் உள்ள சிறிய துறைமுக ஊர். குளிர்த்துயில் பற்றிய உலக மாநாடு அந்த ஆண்டு அங்கே நடந்தது. காரணம், ஊரில் பாதிப் பேர் அப்போது உறங்கிக்கொண்டிருந்தார்கள். இருள் தொடங்கும் நவம்பரில் படுத்தால் ஏப்ரலில்தான் எழுவார்கள். அவர்களை உறங்கவைக்கும் மருந்து பொற்கொடி கண்டுபிடித்தது. புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய் வற்றியதும் சேற்றுக்குள் இறங்கி, அடுத்த மழை வரை மூச்சடங்கிக் கிடக்கும் ஒரு தவளையிலிருந்து, மதுரையில் இருபது வருடம் உழைத்து எடுத்தது. அந்தத் தவளை வெயிலுக்குப் பயந்து செய்ததை இங்கே மனிதர்கள் இருட்டுக்குப் பயந்து செய்தார்கள்.

விமான நிலையத்தில் ஒருவர் அவள் பெயரைத் தமிழில் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐம்பதை நெருங்கும் வயது, காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி.

"வணக்கம் டொக்டர், வாங்கோ. நான் தயாபரன். இஞ்ச பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிக்கிறன். தமிழ் டொக்டர் வாறா எண்டதும் மாநாட்டுக்காரர் என்னைப் பிடிச்சிட்டினம். ஊரில இருக்கிற ஒரே தமிழ்க் குடும்பம் நாங்கள்தான்."

"இந்த ஊர்ல தமிழ் கேக்கும்னு நான் நினைக்கவே இல்லைங்க."

"அப்பாவும் அம்மாவும் மீன் பக்டரி வேலைக்கெண்டு வந்தவை. என்னைக் குழந்தையாத் தூக்கிக்கொண்டு வந்தவை. முதல்ல இந்த ஜக்கெட்டைப் போடுங்கோ. உங்கட கோட் இந்தக் குளிருக்குக் காணாது."

கார் மெதுவாகப் போனது. சாலையின் இருபுறமும் ஆள் உயரத்துக்குப் பனி. பாதி வீடுகளின் சன்னல்களில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மற்ற வீடுகள் இருண்டு, கதவுப்படி வரை பனி மூடிக் கிடந்தன. விளக்கில்லாத வீட்டுக்காரர்கள் துயிலகத்தில் இருக்கிறார்கள் என்று தயாபரன் சொன்னார். அதைச் சொல்லும்போது தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஊரில் எல்லோருமே குளிர்காலத்தில் மெதுவாகப் பேசப் பழகியிருந்தார்கள் என்பதைப் பொற்கொடி பிறகு கவனித்தாள்.

"நீங்க தூங்கலையா?"

"பள்ளிக்கூடம் நடக்குதே. பிள்ளையளைப் படுக்க வைக்கிறதுக்குச் சட்டமில்லை. ஆனா என்ர மனிசி படுத்திருக்கிறா. சுகிர்தா. அவவுக்கு இந்த இருட்டு ஒத்துவராது டொக்டர். கலியாணம் செய்து வந்த முதல் ரெண்டு குளிர்காலமும் கட்டிலால எழும்பவே இல்லை, சாப்பாடில்லை, கதையில்லை. நாங்கள் தெற்குப் பக்கம் போவம் எண்டு யோசிச்சம். அப்பதான் உங்கட மருந்து வந்தது. இது ஏழாவது முறை."

"ஏழு குளிர்காலம் நீங்க தனியா இருந்தீங்களா?"

தயாபரன் சிரித்தார். "தனியெண்டு சொல்ல ஏலாது. எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள்."

"அப்படியா? என்ன படிக்கிறா?"

"ரெண்டாம் வகுப்பு. பேர் மைதிலி. இடக்கையாலதான் எழுதுவாள்." பிறகு, "நீங்கள் டொக்டர், உங்களுக்குச் சொன்னா விளங்கும்," என்று தொடங்கினார்.

முதல் வருடம் ஏப்ரலில் சுகிர்தா கண் விழித்தபோது, கனவில் தனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்ததாகச் சொன்னாள். அவர்களுக்குப் பிள்ளையில்லை. இனி வாய்ப்பும் இல்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்ட நேரம் அது. அடுத்த வருடம் குழந்தை தவழ்ந்தது. அதற்கடுத்த வருடம் மாடிப்படியில் விழுந்து புருவத்தில் தையல் போட்டார்கள். ஒவ்வொரு ஏப்ரலும் சுகிர்தா வீட்டுக்கு வந்து, ஐந்து மாதக் கதையைக் கோடை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வாள்.

"முதல் வருசம் எனக்குப் பொறாமையா இருந்தது. என்னை விட்டிட்டுப் போய் அங்க பிள்ளையோட இருக்கிறாளே எண்டு. பிறகு நானே கேக்கத் தொடங்கீட்டன். பல்லு முளைச்சதோ, இருட்டுக்குப் பயமோ, எந்தக் கையால சாப்பிடுறாள் எண்டு. இப்ப குளிர்காலத்தில தனியா இருக்கேக்க, அம்மாவும் மகளும் எங்கேயோ ஊருக்குப் போயிருக்கினம், ஏப்ரலில வருவினம் எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பன். பைத்தியம் எண்டு நினைக்காதேங்கோ."

"இல்லைங்க," என்றாள் பொற்கொடி.

"அது சரி, நீங்கள் என்னத்தைப் பற்றிக் கதைக்கப் போறியள்? நிகழ்ச்சி நிரலில ‘புதிய மருந்து’ எண்டு மட்டும்தான் போட்டிருக்கினம்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மூன்று நாளில் அரங்கத்தில் சொல்லப்போவதை இந்த மனிதரிடம் மறைப்பது சரியாக இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

"தூங்கி எழுந்தவங்கள்ல சில பேர் அப்புறம் சரியா வாழ்றதே இல்லை. வேலைக்குப் போகமாட்டாங்க, வீட்டு ஆளுங்களோட ஒட்டமாட்டாங்க. மறுபடி எப்போ தூங்கலாம்னே கேப்பாங்க. ரெண்டு பேர் உயிரையே விட்டுட்டாங்க. அந்தக் கனவைப் பிரிஞ்சு வர முடியலைன்னு நாங்க முடிவுக்கு வந்தோம். அதனால கனவே வராத மாதிரி மருந்தை மாத்தியிருக்கேன்."

தயாபரன் காரை ஓரமாக நிறுத்தினார். வண்டியின் கண்ணாடியில் பனி சத்தமில்லாமல் வந்து ஒட்டியது.

"அதை ஆருக்கு எண்டாலும் குடுத்துப் பாத்திட்டியளோ?"

"போன வருஷம் ஒரு சின்னக் குழுவுக்கு. ஒருத்தருக்கும் கனவு வரலை. இந்த வருஷம் இங்கதான்... படுத்தவங்கள்ல பாதிப் பேருக்குப் பழசு, பாதிப் பேருக்குப் புதுசு."

"சுகிர்தாவுக்கு எது?"

"எனக்குத் தெரியாதுங்க. யாருக்கு எதுன்னு எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் ஏற்பாடு."

"அவையளுக்குத் தெரியுமோ?"

"மருந்துல சின்ன மாற்றம் இருக்குன்னு சொல்லிச் சம்மதம் வாங்கினாங்க. கனவைப் பத்திச் சொல்லலை. சொல்லிட்டா, எழுந்ததும் அவங்க சொல்றதை நம்ப முடியாது."

தயாபரன் ஸ்டியரிங் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி அமர்ந்திருந்தார். கோபப்படவில்லை. "அப்ப அவள் இப்ப அங்க தனியா இருக்கலாம்," என்றார். ‘அவள்’ என்று யாரைச் சொன்னார் என்று பொற்கொடி கேட்கவில்லை.

விடுதி அறையில் பெட்டியைத் திறப்பதற்குள் சென்னையிலிருந்து கிரிதரன் கூப்பிட்டார். குளிர்த்துயிலை இந்தியாவுக்குக் கொண்டுவர முதலீடு தேடும் ஓர் ஆலோசகர் அவர். குரலில் எப்போதும் உற்சாகம் இருக்கும்.

"மேடம், கனவு வராதுன்னு நீங்க மேடையில சொல்லிட்டீங்கன்னா ஐந்து மாசம்கிறதை எட்டு மாசமா நீட்டலாம்னு மாநாட்டுக் கமிட்டி ரெடியா இருக்கு. நம்ம ஊருக்கு அதுதான் வேணும்."

"நம்ம ஊர்ல ஏதுங்க இருட்டு?"

"இருட்டு எதுக்கு? வெயில் இருக்கே. மாசி தொடங்கி ஐப்பசி வரைக்கும் மழை இல்லாத மாவட்டங்கள்ல வேலையும் இல்லை, தண்ணியும் இல்லை. விருப்பப்பட்டவங்க தூங்கட்டும். சாப்பாடு வேணாம், தண்ணி வேணாம், டவுனுக்குப் பிழைக்கப் போக வேணாம். உங்க தவளை செய்றதுதானே?"

"தவளைக்கு வேற வழி இல்லைங்க."

"இவங்களுக்கும்தான் என்ன வழி இருக்கு, சொல்லுங்க?"

சன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் படகுகள் அசையாமல் நின்றன. கடல் உறையவில்லை. கறுப்பாக, ஆவி விட்டுக்கொண்டு, ஊரிலேயே விழித்திருக்கும் ஒரே பெரிய உயிர் போல மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை தயாபரன் அவளைத் துயிலகத்துக்கு அழைத்துப் போனார். அவர் பெற்றோர் வேலை பார்த்த பழைய மீன் பதனிடும் கூடம்தான் அது. கதவு திறந்ததும் உள்ளே இருந்த அமைதி ஒரு துணி போல முகத்தில் விழுந்தது. வரிசை வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் கம்பளித் தொப்பி போட்ட ஒரு தலை. மூச்சு வாங்குவது தெரியாது. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒரு மார்பு மெல்ல உயரும். பிறகு வேறெங்கோ ஒன்று. காற்றில்லாத வயலில் எப்போதாவது ஒரு கதிர் அசைவதைப் போல.

சுகிர்தா சன்னலோரமாகப் படுத்திருந்தாள். நாற்பதைத் தாண்டிய முகம், ஆனால் உறக்கத்தில் வயதை எங்கோ கழற்றி வைத்திருந்தது. தயாபரன் போர்வையின் நுனியைச் சரிசெய்தார்.

"டொக்டர், எழுப்புங்கோ."

"தயாபரன் சார்..."

"கேளுங்கோ. அவள் ஏப்ரலில எழும்பி, ஒண்டுமே இல்லை, பிள்ளையைக் காணேல்லை எண்டு சொல்லுவாளெண்டா என்ன செய்யிறது? அஞ்சு மாசமாத் தேடியிருப்பாள். பழைய மருந்தெண்டா நான் ஒண்டும் கேக்கேல்லை, அப்பிடியே படுக்கட்டும். புதுசெண்டா எழுப்பி, பழையதைக் குடுத்துத் திருப்பிப் படுக்க வைக்க ஏலாதோ?"

துயிலகத்தின் பொறுப்பு மருத்துவர் மாரிட், உயரமான, நிதானமான பெண். கணவன் கேட்டால் மனைவியை எழுப்பச் சட்டம் இடம் தருகிறது என்றார். யாருக்கு எந்த மருந்து என்ற இரகசியத்தைத் திறப்பதுதான் சிக்கல். ஒருவருக்காகத் திறந்தால் அந்த ஒருவரை ஆய்விலிருந்து நீக்க வேண்டும். பொற்கொடி சம்மதித்தாள். மாரிட் தன் அறைக்குப் போய்த் திரும்பி வந்து தலையை ஆட்டினார்.

"புதியது."

தயாபரன் அருகிலிருந்த கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

எழுப்பும் வேலை தொடங்கியது. உடம்பைச் சூடாக்குவதை அவசரப்படுத்த முடியாது. ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். அந்த நேரத்தில் மாரிட் பொற்கொடியிடம் மூளையின் அலைப்பதிவுகளைத் திரையில் காட்டினார். போன வருடம் பழைய மருந்து வாங்கியவர்களுடையது ஒரு பக்கம், புதியதை வாங்கிய சுகிர்தாவுடையது மறு பக்கம். இரண்டும் காற்றில்லாத ஏரியைப் போலச் சமமாகக் கிடந்தன.

"இதில் எது கனவு காண்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியாது," என்றார் மாரிட். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. இந்த அளவு குளிர்ந்த மூளையில் கனவு வரவே கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எழுந்தவர்கள் எல்லோரும் கனவைச் சொன்னார்கள். நம் கருவிக்கு எட்டாத ஆழத்தில் ஏதோ நடக்கிறது என்று எழுதினேன்."

"நாங்களும் அதை நம்பினோம்," என்றார் மாரிட்.

அடுத்த நாள் நண்பகல் நீலத்தில் சுகிர்தா கண்ணைத் திறந்தாள். தயாபரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு, கஞ்சி கொண்டுவருவதாகச் சொல்லி வீட்டுக்கு ஓடினார். எழுந்தவர்களுக்கு முதல் உணவாக அங்கே ஏதோ சூப் கொடுப்பார்கள்; அவளுக்கு அது பிடிக்காதாம். அறையில் பொற்கொடி மட்டும் இருந்தாள்.

"இன்னும் இருட்டாத்தான் இருக்கு," என்றாள் சுகிர்தா. குரல் கரகரத்தது. "ஏன் இப்பவே எழுப்பினியள்? எனக்கு ஏதும் வருத்தமோ?"

"இல்லைங்க, உடம்புக்கு ஒண்ணுமில்லை. நான் பொற்கொடி, மதுரையிலேர்ந்து வந்திருக்கேன். இந்த மருந்து நான் செஞ்சதுதான்." பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். மருந்து மாறியது, கனவு, தயாபரனின் கவலை எல்லாவற்றையும். "உங்ககிட்ட சொல்லாம செஞ்சது தப்புதான். இந்தத் தடவை மைதிலியைப் பாத்தீங்களா?"

சுகிர்தா கூரையைப் பார்த்தாள். கண்ணோரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போனது.

"அவர் சொன்னவரோ, மைதிலியைப் பற்றி?"

"வழி முழுக்க அதைத்தான் சொன்னார்."

"டொக்டர், கதவைச் சாத்துங்கோ."

பொற்கொடி சாத்திவிட்டு வந்து அருகில் அமர்ந்தாள்.

"முதல் முறை படுத்து எழும்பினன். கண்ணை மூடினன், திறந்தன். அவ்வளவுதான். நடுவில ஒண்டும் இல்லை. கனவில்லை, இருட்டுக்கூட இல்லை. இருட்டெண்டா இருட்டெண்டு தெரியுமெல்லோ, அதுவும் இல்லை. திறந்து பாத்தா இவர் பக்கத்தில இருக்கிறார். தாடி வளந்து, மெலிஞ்சு, சட்டை தொளதொளவெண்டு. அஞ்சு மாசமா ஆரோடயும் கதைக்காம இருந்திருக்கிறார். என்ர கையைப் பிடிச்சு, ‘என்ன கண்டனீ?’ எண்டு கேக்கிறார். ஒண்டுமில்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? நான் ஒண்டும் இல்லாத இடத்துக்குப் போறதுக்காகவே இந்த மனிசன் இவ்வளவும் பட்டது? ‘ஒரு பிள்ளையைக் கண்டன்’ எண்டு வாயில வந்திட்டுது."

வெளியே தாழ்வாரத்தில் யாரோ நடந்து போகும் சத்தம் கேட்டது. சுகிர்தா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவற்ற முகத்தை நீங்கள் பாத்திருக்க வேணும். அதுக்குப் பிறகு பிள்ளையை நிப்பாட்ட ஏலேல்லை. அவர் கேப்பார், நான் சொல்லுவன்."

"மத்தவங்க? எல்லாரும் கனவு கண்டேன்னுதானே சொல்றாங்க?"

"வசந்தத்தில எல்லாரையும் ஒரு மண்டபத்தில வைச்சு எழுப்புவினம். போன முறை எனக்குப் பக்கத்துக் கட்டிலில ஒரு கிழவி. தாதி வந்து கேக்க, பெரிய தோட்டம், அப்பிள் மரம் எண்டு சொன்னா. தாதி அங்கால போனதும் என்னைத் திரும்பிப் பாத்தா. நானும் பாத்தன். ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்லை. எனக்கு விளங்கீட்டுது."

பொற்கொடிக்குப் போன வருடச் சிறு குழு நினைவுக்கு வந்தது. அவர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்: இந்த மருந்தில் கனவு வராது. எழுந்ததும் எல்லோரும், ஆமாம், ஒன்றும் வரவில்லை என்றார்கள். அதைத் தன் வெற்றி என்று எழுதினாள். அவள் அவர்களுக்குக் கொடுத்தது மருந்தல்ல. உண்மையைச் சொல்ல அனுமதி.

"அப்போ எழுந்தப்புறம் வாழ முடியாமப் போனாங்களே, அவங்க?"

"கனவை விட்டு வர மனமில்லாமலெண்டோ நினைச்சியள்?" சுகிர்தா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். "அஞ்சு மாசம் நீங்கள் இல்லவே இல்லை எண்டு வையுங்கோ. செத்தும் இல்லை, உயிரோடயும் இல்லை. திரும்பி வந்தா மிச்ச ஏழு மாசமும் ஒட்டாது. என்ர கையைப் பாத்தா எனக்கு வேற ஆற்றயோ கை மாதிரி இருக்கும். எனக்கெண்டா வீட்டுக்குப் போனதும் மைதிலியை உருவாக்கிற வேலை இருந்தது. அதுதான் என்னைப் பிடிச்சு வைச்சிருந்தது. அந்த ரெண்டு பேருக்கும் கேக்க ஆக்கள் இல்லைப் போல."

கதவு தட்டப்பட்டது. தயாபரன் கஞ்சிப் பாத்திரத்தோடு உள்ளே வந்தார். தாடியில் பனித்துகள். பாத்திரத்தை வைத்துவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்தார். கேட்கத் தயங்குகிறார் என்பது தெரிந்தது.

"சுகிர், பிள்ளை...?"

"இருக்கிறாள்," என்றாள் சுகிர்தா. "முன்பல்லு ரெண்டும் விழுந்திட்டுது. சிரிக்க வெக்கப்படுறாள்."

தயாபரன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பொற்கொடியைப் பார்த்து, குழந்தையைப் போலச் சிரித்தார். "உங்கட மருந்து வேலை செய்யேல்லை டொக்டர்!"

அவர் தேக்கரண்டி எடுக்கப் போன சமயம் பொற்கொடி குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்கு நான் பேசணும் சுகிர்தா. அவரும் அங்க இருப்பார். நான் பேசலைன்னா எட்டு மாசம் தூங்கலாம்னு சொல்லிடுவாங்க. எங்க ஊர்லயும் ஆரம்பிப்பாங்க. நீங்க வேணாம்னா... எப்படின்னு எனக்குத் தெரியலை."

சுகிர்தா கஞ்சியிலிருந்து எழும் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பேசுங்கோ," என்றாள் கடைசியில். "ஆனா மேடையில கேட்டு அவர் அறியக் கூடாது. நான்தான் பெத்தனான். நானே சொல்லுறன்."

மாநாட்டின் கடைசி நாள் கூட்டம் ஊரின் பழைய திரையரங்கில் நடந்தது. தலைமை தாங்கியவர் பேராசிரியர் ஹால்வோர், எழுபதைக் கடந்தவர், அங்கே முதன்முதலில் உறங்கச் சம்மதித்தவர்களில் ஒருவர். இந்த ஆண்டு மாநாட்டுக்காக மட்டும் விழித்திருந்தார். அவர் கனவில் ஒரு பாய்மரப் படகு வரும் என்பது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி வானொலியில்கூடப் பேசியிருக்கிறார். பொற்கொடியை அறிமுகப்படுத்தும்போது, "என் படகைப் பறிக்க வந்திருக்கும் பெண்மணி," என்று சொன்னார். அரங்கம் சிரித்தது.

பொற்கொடி வரிசைகளைத் தேடினாள். பின்புறம், கதவருகே, சக்கர நாற்காலியில் கம்பளிகளுக்குள் சுகிர்தா இருந்தாள். அவளருகே தயாபரன். அன்று காலையே அவரிடம் சொல்லிவிட்டதாகச் சுகிர்தா செய்தி அனுப்பியிருந்தாள். அவர் முகம் அந்தத் தொலைவில் தெரியவில்லை.

தயாரித்து வந்த படங்கள் எதையும் அவள் போடவில்லை.

"என் புதிய மருந்து கனவை அகற்றுகிறது என்று சொல்ல இங்கே வந்தேன். அதை என்னால் சொல்ல முடியாது. பழைய மருந்தில் கனவு இருந்ததாகவே என்னிடம் ஆதாரம் இல்லை. கருவிகள் ஒன்றும் இல்லை என்றுதான் எப்போதும் காட்டின. மனிதர்கள் இருக்கிறது என்று சொன்னார்கள். நமக்கு வேண்டியது அதுதான் என்பதால் நாம் மனிதர்களை நம்பினோம். அவர்கள் நல்ல இடத்துக்குத்தான் போய்வருகிறார்கள் என்று நினைத்தால் அவர்களைத் தூங்கவைப்பது எளிது. அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று நாம் கேட்கவில்லை. காத்திருந்தவர்களிடம் வெறுங்கையோடு திரும்பி வர அவர்களுக்கு மனம் வரவில்லை. நாம் மக்களை உறங்கவைக்கவில்லை என்று நினைக்கிறேன். அவர்கள் ஆயுளிலிருந்து ஐந்து மாதத்தை வெட்டி எடுக்கிறோம். வெட்டிய இடத்தை அவர்களே தைத்துக்கொள்கிறார்கள். தைக்கத் தெரியாதவர்கள் இறந்துபோகிறார்கள். அதை எட்டு மாதமாக்க நான் துணைபோக மாட்டேன். ஒருவேளை நான் சொல்வது தவறாக இருக்கலாம். இந்த அரங்கில் உறங்கியவர்கள் பலர் இருக்கிறீர்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

முதல் வரிசையில் ஒருவர் கோபமாக எழுந்து, ஆதாரம் எதுவும் காட்டாமல் இப்படி முடிவு கட்டலாமா என்று கேட்டார். பொற்கொடி பதில் சொல்லத் தொடங்குவதற்குள் ஹால்வோர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"படகு," என்றார். நிறுத்தினார். "என் மனைவி கேட்டாள். அவள் அப்போது நோயாளி. எனக்குப் படகு பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்." மறுபடி நிறுத்தினார். "படகு எதுவும் இல்லை."

பக்கவாட்டு வரிசையில் ஓர் இளம்பெண் எழுந்து நின்றாள். ஒன்றும் சொல்லாமல் நின்றாள். பிறகு நடுவில் ஒருவர். பிறகு இரண்டு பேர். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல், அரங்கின் அரையிருளில் அங்கங்கே மனிதர்கள் எழுந்து நின்றார்கள். ஆழத்திலிருந்து ஒவ்வொருவராக மேலே வருவதைப் போல இருந்தது. மாரிட் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று மாலையே எட்டு மாதத் தீர்மானம் நிறுத்திவைக்கப்பட்டது. விடுதிக்குத் திரும்பும் வழியில் கிரிதரன் கூப்பிட்டார். செய்தி அவருக்கு அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தாள்.

"அதனால என்ன மேடம்? ஒண்ணுமே தெரியாதுன்னா நல்லதுதானே. பசி தெரியாது, வெயில் தெரியாது."

"நான் திங்கட்கிழமை சென்னையில இருப்பேன்," என்றாள் பொற்கொடி. "உங்க முதலீட்டாளர்கள் எல்லாரையும் கூப்பிடுங்க. நானே அவங்ககிட்ட பேசுறேன். மருந்தோட காப்புரிமை இன்னும் என் பேர்லதான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

மறுநாள் தயாபரன்தான் விமான நிலையத்துக்குக் கொண்டுவிட்டார். சுகிர்தாவும் வந்திருந்தாள், பின்னிருக்கையில் போர்வைகளுக்குள். இனி இந்தக் குளிர்காலம் படுக்கப் போவதில்லை என்று சொன்னாள். பள்ளிக்கூடத்துக்குக் கூடவே போய் உட்கார்ந்திருப்பாளாம். இருட்டு அமுக்கினால் பிள்ளைகளின் சத்தம் கேட்குமாம். பனி மலைகள் நீலமாகக் கடந்துபோயின. முந்தின இரவு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கப் பொற்கொடிக்குத் துணிவு வரவில்லை. தயாபரனின் கண்கள் வீங்கியிருந்தன.

நிலையத்தின் வாசலில் பெட்டியை இறக்கி வைத்தபிறகுதான் அவர் வாய் திறந்தார்.

"இரவு முழுக்க நான் ஒரு வார்த்தை கதைக்கேல்லை டொக்டர். செத்த வீடு மாதிரி இருந்தது. விடியக் கேட்டன், அப்ப அவள் இடக்கையாலதான் எழுதுவாள் எண்டு நீ ஏன் முடிவெடுத்தனீ எண்டு. இவ சொல்லுறா, நான் எங்க முடிவெடுத்தன், எந்தக் கை எண்டு நீங்கள்தானே கேட்டியள், கேக்கேக்க உங்கட இடக்கையை ஆட்டினியள் எண்டு." கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "புருவத்தில தையல் போட்டதும் என்னாலதான். மாடிப்படியில கவனமோ எண்டு நான்தான் கேட்டிருக்கிறன்."

பொற்கொடி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அடுத்த மாசம் வயலின் வகுப்பில சேர்க்கலாமெண்டு இருக்கிறம்," என்றார் தயாபரன் சாதாரணமாக.

காரின் சன்னல் இறங்கியது. "ஆர் இருக்கிறது? நான் ஓமெண்டு சொல்லேல்லையே," என்றாள் சுகிர்தா. "அவளுக்கு ஓரிடத்தில நிண்டு பழக்கமில்லை. பிள்ளையைக் கேக்காம நீங்கள் எப்பிடி முடிவெடுக்கிறது?"

தயாபரன் அவள் பக்கம் திரும்பினார்.

"கேட்டனான்," என்றார். "விடிய நீ படுத்த பிறகு கேட்டனான். ஓம் எண்டவள்."